முதல் வேணாம்

தமிழில் 'வேணும்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஆயுள் முழுக்கச் சமாளித்துவிடுகிறோம். தண்ணீர் வேணும், சம்பளம் வேணும், பெண் வேணும், சாமி வேணும், எல்லாவற்றுக்கும் அதுதான். வெள்ளைக்காரர்கள் அப்படியில்லை. ஆசைக்குத் தகுந்தபடி விதவிதமாக வைத்திருக்கிறார்கள். அதில் எந்தச் சொல்லை எந்த இடத்தில் எடுப்பது என்பதுதான் பூரணியின் பிழைப்பு.

இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில், நிர்வாகியான துரை குடியிருந்த பழைய பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது. அங்கே வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களைக் கவனிப்பது பூரணியின் பொறுப்பு. 'வோன்ட்' என்று கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கும் என்பதும், அதையே 'வுட் லைக்' என்று மாற்றிக் கேட்டால் குளிர்ந்துபோவார்கள் என்பதும் அவளுக்கு அத்துப்படி. சமையற்கட்டிலிருந்து "எனக்கு லீவு வேணும்" என்று எவனாவது கத்தினால்கூட, அதை மனேஜர் காதுக்குப் பதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் அவள்தான்.

அப்படிப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை, சொந்த அப்பா விஷயத்தில் சறுக்கினாள்.

இங்கிலாந்திலிருந்து ஹெலன் என்ற பெண்மணி வந்திருந்தார். கடைசி வெள்ளைக்காரத் துரையின் மகள். சின்னப் பிள்ளையாக இதே பங்களாவில் ஓடித் திரிந்துவிட்டு, தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் கப்பலேறிப் போனவர். இப்போது தலை முழுக்க நரை. வந்த நாளே சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, அங்கே கிடந்த நீள மேசையைத் தடவிப் பார்த்து அழுதார். எல்லாம் மாறிப்போன பங்களாவில் அந்த மேசை மட்டும் மாறவில்லையாம். ஹோட்டல்காரர்களுக்கு அந்தப் பழைய மேசையில் அவ்வளவு பிடிப்பில்லை. கேட்டதும் விற்றுவிட்டார்கள். திங்கட்கிழமை லொறி வந்து ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

அழுது முடித்த கையோடு ஹெலன் கேட்டது, "இராமையா இருக்கிறாரா?" என்பதுதான்.

இராமையா பூரணியின் அப்பா. பங்களாவில் சமைத்துப் பரிமாறுகிறவரைத் தோட்டத்தில் அப்பு என்பார்கள். ஹெலன் சிறுமியாக இருந்தபோது குசினியில் பாத்திரம் கழுவும் இளந்தாரியாகச் சேர்ந்தவர், பிறகு அப்புவாகி, வெள்ளைக்காரத் துரை போய்ச் சிங்களத் துரைமார் வந்த பின்னும் அதே பங்களாவில் நரைத்தவர். பங்களா ஹோட்டலானபோதுதான் வேலையை விட்டார். இப்போது மகளோடு ரோட்டோரத்துப் புது வீட்டில், நாலு கோழி, ஒரு வானொலி என்று காலம் போகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் அவரை அழைத்துவந்தாள். வராந்தாவில் ஹெலன் எழுந்து நின்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இராமையா ரொட்டியின் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு நடுப்பாகத்தை மட்டும் தனக்குக் கொடுத்ததைச் சொன்னார். அந்த ஓரத்தையெல்லாம் குசினிக்குப் பின்னால் நின்று தாங்கள் தின்றதை இராமையா சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கடைசியில் ஹெலன் பூரணியின் பக்கம் திரும்பி, அவருக்கு என்ன விருப்பம், தன்னால் ஆனதைச் செய்ய ஆசையாயிருக்கிறது, கேட்டுச் சொல் என்றார்.

பூரணி கேட்டாள். இராமையா தலையைக் குனிந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்து, "எனக்கென்னங்க, ஒன்னும் வேணாம்ங்க" என்றார்.

அவருக்கு ஒன்றும் வேண்டாமாம் என்று பூரணி அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள். ஹெலன் நெகிழ்ந்துபோனார். எதுவும் வேண்டாம் என்று சொல்லும் மனிதரைத் தன் ஊரில் பார்க்கவே முடியாது என்றார். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிழை.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், முதல் 'வேணாம்' வேணாம் ஆகாது. அடுத்த காம்பரா வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால், வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "இப்பதான் சாப்பிட்டு வந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அது பொய் என்று கூப்பிட்டவருக்கும் தெரியும். இரண்டாம் தடவை கேட்பார், மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். அப்புறம் சாப்பிட்டால்தான் மரியாதை. கல்யாண வீட்டில் ஒரு தடவை கூப்பிட்டதோடு விட்டுவிட்டார்கள் என்று இன்றுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற குடும்பங்கள் ஊசிமலையில் உண்டு.

பங்களாவில் சட்டம் தலைகீழ். துரை ஒரு தடவை வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இராமையா ஒரு விருந்தாளியிடம், லயத்து வழக்கத்தில், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளும்படி திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டார். துரை மேசையைத் தட்டிப் போட்ட அதட்டலில் கிண்ணமே கைதவறப் பார்த்ததாம். அதற்குப் பிறகு அவர் அந்த மேசையில் யாரையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார், பூரணியின் அம்மா இருந்தவரைக்கும் சிரித்ததில்லை.

இரண்டு சட்டமும் தெரிந்த பூரணி, இன்னொரு தடவை அப்பாவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்குக் காரணம் ரோசம். தலையைச் சொறிந்துகொண்டு துரைமார் முன்னால் நின்ற காலம் போதும், எங்கப்பா யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்ற வீம்பு. அந்த நிமிஷத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது இராமையா வானொலியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, "மேச திங்கக்கிழம போயிருதா?" என்றார். ஆமாம் என்றாள்.

"போறதுக்குள்ள அந்த மேசையில ஒரு வேள சோறு..." என்று தொடங்கியவர், கோப்பையைப் பார்த்தபடி நிறுத்தினார். "சரி, விடு. பெரிய எடத்துச் சமாச்சாரம்."

அவர் கோழிகளை அடைக்க எழுந்து போய்விட்டார். அந்த மேசையைச் சுற்றி நின்றே காலம் கழித்த மனிதர். துடைத்தார், விரித்தார், பரப்பினார், எடுத்தார். ஒரு நாளும் அதில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அதைத்தான் கேட்க வந்திருக்கிறார். பெற்ற மகளே வாயை அடைத்துவிட்டாள்.

நாளைக்கு ஹெலனிடம் எப்படியும் கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். ஆனால் எந்தச் சொல்லில்? உட்கார்ந்து சாப்பிட அவருக்கு 'வோன்ட்' என்றால் கூலியாள் அதிகாரம் பண்ணுவதாகப் படும். 'வுட் லைக்' என்றால் சீனி போட்ட தேநீர் கேட்பதைப் போல இலேசாகப் போய்விடும். 'விஷ்' நடக்காததற்கு. 'நீட்' அவசியத்துக்கு. இதை யாரிடம் கேட்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. கை தானாக ஷஸ்னாவின் நம்பரை அழுத்தியது.

ஷஸ்னா ஹற்றன் டவுனில் வாப்பாவின் புடவைக் கடையை நடத்துகிறவள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் ஒரே ஆங்கில வகுப்புக்குப் போனார்கள். வகுப்பு முடிந்து டயகம பஸ் வரும்வரைக்கும் மழைத் தூறலில் மெயின் வீதியை மேலும் கீழும் அளப்பார்கள். கையில் பஸ் காசைத் தவிர சல்லி கிடையாது. எதையும் வாங்க முடியாதவர்களுக்கு ஆசைப்படுவதைத் தவிர வேறென்ன வேலை? அதையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள். வகுப்பில் படித்த சொற்களை ஒவ்வொன்றாகக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது.

பஸ் ஸ்டாண்டில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்துப் போடும் கடலை வடைக்கு 'வோன்ட்'. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்த்ததும் கை நீளும். கம்பி முறிந்த குடையோடு நிற்கிறவளுக்குக் குடைக்கடை 'நீட்'. பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரோஸ் கலர் கேக்குக்கு 'வுட் லைக்', காரணம் அதை வாங்குகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் பேசுவார்கள் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. ஸ்டேஷனில் நிற்கும் கொழும்பு ரயிலுக்கு 'விஷ்'. மருந்துக் கடையில் நின்ற சுருட்டைத் தலைக்காரனுக்கு ஷஸ்னா 'டிஸையர்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்து அந்த மூலை திரும்பும் வரைக்கும் சிரித்தாள். 'லோங்' என்ற சொல்லுக்கு மட்டும் அந்த வீதியில் கடை கிடைக்கவில்லை. ரொம்ப நாளாக, ரொம்பத் தூரத்திலிருந்து ஏங்குவதாம். அந்த வயதில் அவர்களுக்கு ரொம்ப நாளும் கிடையாது, தூரமும் கிடையாது. "இது கெழவனுங்கட சொல்லுடீ, நமக்கு வாணாம்" என்று ஷஸ்னா அதைத் தள்ளிவைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமைகளில் நனைந்து நடந்த மாதிரிச் சந்தோஷமாகப் பூரணி பிறகு எத்தனையோ நல்ல சப்பாத்துப் போட்டும் நடந்ததில்லை.

போனில் ஷஸ்னா விஷயத்தை முழுக்கக் கேட்டாள்.

"ஒரு சொல்லு மிஞ்சிப் போய்க் கெடந்திச்சே, கட கெடைக்காம," என்றாள் பிறகு. "அத எடு. இப்ப நமக்கும் அந்த வயசு வந்திட்டு."

மறுநாள் காலையில் தோட்டத்துப் பக்கம் பார்த்து நின்ற ஹெலனிடம் பூரணி போனாள். நேற்று நான் சொன்னது சரியில்லை என்றாள். எங்கள் ஆட்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அது மரியாதை, நான் மறுபடியும் கேட்டிருக்க வேண்டும். அப்பா இத்தனை காலமும் இந்த மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட ஏங்கியிருக்கிறார் என்று, அந்த 'லோங்' என்ற சொல்லைப் போட்டுச் சொன்னாள். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் இராமையாதான் விருந்தாளி, துரை உட்கார்ந்த நாற்காலியிலேயே அவர் உட்கார வேண்டும் என்று அடித்துச் சொன்னார். சொல் தன் வேலையைச் செய்துவிட்டது. பூரணிக்குக் கர்வமாக இருந்தது.

வீட்டில் சொன்னபோது இராமையா, "என்னையா? ஒக்காரச் சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டார். அதை அவள் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்தார். மேசையில் வெள்ளை விரிப்பு, வெள்ளிக் கரண்டிகள், நடுவில் டேலியா பூ. சன்னலுக்கு வெளியே மூடுபனி மலையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. தலைமாட்டு நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் ஹெலன் உட்கார்ந்தார். பூரணி மொழிபெயர்க்கத் தோதாக அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வேலை நேரம், அவள் நிற்கும் இடம் எப்போதும் அதுதான்.

கணேசமூர்த்தி என்ற பரிமாறுகிற ஆள் சோறும் கோழிக்கறியும் பருப்பும் வைத்தான். இராமையா கரண்டியைத் தொட்டார், விட்டார். விரிப்பில் விழுந்திருந்த சுருக்கத்தை நீவினார். முதுகு நாற்காலியில் படவே இல்லை. ஹெலன் பழைய கதைகள் சொன்னார், பூரணி தமிழில் சொன்னாள், இராமையா தலையாட்டினார். சோறு அப்படியே இருந்தது. கறியின் மேல் எண்ணெய் உறைய ஆரம்பித்தது.

ஏதாவது பிடிக்கவில்லையா, வேறு ஏதாவது விருப்பமா என்று ஹெலன் கவலையோடு கேட்டார்.

பூரணி குனிந்து அப்பாவின் காதில் கேட்டாள்.

"ஒன்னும் இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இந்தத் தடவை அவள் விடவில்லை. "என்ன வேணும்னு சொல்லுங்கப்பா."

"ஒன்னும் வேணாம் புள்ள."

"அப்பா, சொல்லுங்க."

மூன்றாம் தடவை கேட்ட பிறகு அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நீ நின்னுகிட்டு இருக்கியே புள்ள," என்றார். "நான் ஒக்காரணும்னு ஆசப்படல. எனக்கென்னத்துக்கு இந்த நாற்காலி? எந்தெந்தத் தொர புள்ளைக்கோ இதுல சோறு போட்டிருக்கேன். எம்புள்ள அந்தக் குசினிப் படிக்குக் கீழ தட்ட வச்சுகிட்டு ஒக்காந்திருக்கும். ஒரு நாளு ஒன்னைய இதுல ஒக்கார வச்சுப் பரிமாறணும். அம்புட்டுத்தான். அதத்தான் சொல்ல வந்தேன்."

பூரணிக்குக் குசினிப் படி ஞாபகம் வந்தது. பள்ளி விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். உள்ளே கரண்டிகளின் சத்தம், துரை பிள்ளைகளின் சிரிப்பு. கடைசியில் அப்பா மிஞ்சிய புடிங்கை எனாமல் தட்டில் வழித்துக்கொண்டு வருவார். உலகத்தில் அதைவிட ருசியான பண்டத்தை அவள் சாப்பிட்டதில்லை. அந்தப் படியை அவள் சந்தோஷமான இடமாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்து வைத்திருந்தாள். தட்டை நீட்டிய மனிதர் அப்போது என்ன நினைத்தார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர் துரை நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஏங்கியது அவர் அல்ல, அவள்தான். தன் ஏக்கத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்து, அதற்கு நல்ல சொல்லாகவும் பார்த்துப் போட்டிருக்கிறாள்.

ஹெலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் பூரணி. "ஏங்கியது நான். அவருடைய ஆசை எனக்குப் பரிமாறுவதுதானாம்."

ஹெலன் எழுந்து, தன் பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டு, வழிவிட்டு நின்றார்.

ஆனால் இராமையா அதற்குள் எழுந்துவிட்டார். தான் உட்கார்ந்திருந்த தலைமாட்டு நாற்காலியையே பின்னால் இழுத்து, மகள் உட்காரக் காத்து நின்றார். அவள் உட்கார்ந்ததும், சத்தமில்லாமல் முன்னால் தள்ளினார். உறைந்த தட்டை எடுத்துப் போய்விட்டுப் புதுத் தட்டு கொண்டுவந்தார். கணேசமூர்த்தியின் கையிலிருந்த வெள்ளைத் துணியை வாங்கி இடது கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. கோழிகளோடு பேசிக்கொண்டு திரிகிற கிழவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. ஊசிமலை பங்களாவின் அப்பு நின்றார்.

இடது பக்கமாக வந்து, குனிந்து, கிண்ணத்தை அவளுக்கு நேராகப் பிடித்தார். சோறு, பருப்பு, கோழிக்கறி. ஹெலன் மறுபடி உட்கார்ந்ததும் அவருக்கும் அதே முறையில் வைத்தார். ஹெலன் இரண்டு கரண்டி எடுத்துப் போதும் என்று கை காட்டினார். அவர் பழைய சட்டப்படி உடனே நகர்ந்துவிட்டார்.

பூரணி சாப்பிட்டாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. துடைக்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தால் சன்னலுக்கு வெளியே மலை இவ்வளவு தெரியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

தட்டு பாதி காலியானதும் இராமையா மறுபடியும் கிண்ணத்தோடு இடது பக்கம் வந்தார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "வேணாம்ப்பா, போதும்."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. இது பங்களா மேசை. இங்கே ஒரு தடவைதான். அப்பா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இராமையா போகவில்லை.

"கொஞ்சம் போட்டுக்க புள்ள," என்றார், அந்த மேசையில் இரண்டாம் தடவையாக.

"வேணும்ப்பா" என்றாள் பூரணி.

அவர் நிறைய வைத்தார். ஹெலன் பக்கத்து நாற்காலியிலிருந்து, இப்போது நீ சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மெதுவாகக் கேட்டார். பூரணிக்கு எல்லாச் சொற்களும் ஒரு சுற்று வந்து போயின. பிறகு பஸ் ஸ்டாண்டுக் கடலை வடைக்கு வைத்திருந்த அந்தச் சின்னச் சொல்லையே எடுத்துச் சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டாள்.